ஒரு மூடி சொன்ன ரகசியம்... காற்றோடு மல்லுக்கட்டிய புரூஸ் மெக்லாரன்!

பப்பாளிப் பழ நிறத்தில் ஒரு ஃபார்முலா 1 கார் சீறிப் போகும் ரீல்ஸை நீங்கள் நிச்சயம் ஒருமுறையாவது பார்த்திருப்பீர்கள். 2024, 2025 என அடுத்தடுத்த இரண்டு வருடமும் டீம் சாம்பியன்ஷிப்பைத் தூக்கிய மெக்லாரன் கார் அது. மெக்லாரன் என்பது ஏதோ கம்பெனிக்காகக் கண்டுபிடித்த ஸ்டைலான பெயர் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. அது ஒரு ஆளோட பெயர். நியூசிலாந்துக்காரர், ஒரு மெக்கானிக் வீட்டுப் பையன். அவருக்கு ஒரு கால் இன்னொரு காலைவிட ஒன்றரை அங்குலம் குட்டை. 32 வயதில் இறந்துபோனார்.

அவர் எப்படி ஜெயித்தார் என்பதற்கும், எப்படி இறந்தார் என்பதற்கும் விடை ஒன்றுதான். காற்று.

புரூஸ் மெக்லாரன் பிறந்தது 1937 ஆகஸ்ட் 30, ஆக்லாந்து நகரத்தில். அப்பா லெஸ், அம்மா ரூத். ரெமுவேரா என்ற பகுதியில் பெட்ரோல் பங்க்கும் அதோடு ஒட்டின ஒர்க்‌ஷாப்பும் வைத்திருந்தார்கள். கிரீஸ் வாசனையில் வளர்ந்த பையன். ஒன்பது வயதில் இடுப்பில் வலி. டாக்டர்கள் பார்த்துவிட்டு பெர்தெஸ் நோய் என்றார்கள். தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு ரத்தம் சரியாகப் போகாமல் எலும்பு மெலிந்து நொறுங்கும் வியாதி. அந்தக் காலத்தில் அதற்கு இருந்த ஒரே மருத்துவம், அசையாமல் படுத்திருப்பது. நிஜமாகவே அசையாமல். வில்சன் ஹோம் என்ற குழந்தைகள் இல்லத்தில், ஒரு சட்டத்தோடு சேர்த்துக் கட்டிப்போட்டபடி, ஏறக்குறைய இரண்டு வருடம்.

ஒன்பது வயசுப் பையனை இரண்டு நிமிஷம் சும்மா உட்கார வைத்துப் பாருங்கள், புரியும்.

எழுந்து வந்தபோது இடது கால் குட்டையாகியிருந்தது. ஓடி ஆடும் விளையாட்டெல்லாம் அவ்வளவுதான். ஆனால் உட்கார்ந்தபடி விளையாடலாமே! அப்பா ஒருநாள் பழைய ஆஸ்டின் 7 அல்ஸ்டர் கார் ஒன்றை வாங்கி வந்தார். 1929 மாடல், 750 சி.சி, பாகம் பாகமாகக் கழன்று கிடந்தது. சரிபண்ணி விற்று நாலு காசு பார்க்கலாம் என்பது அப்பாவின் கணக்கு. மகன் விடவில்லை. அப்பாவும் மகனும் சேர்ந்து அதைப் பூட்டி முடித்தார்கள். வீட்டுக்குப் பின்னால் இருந்த பழமரங்களைச் சுற்றி எட்டு போட்டு ஓட்டிப் பழகினான் பையன். நாம் ஆர்.டி.ஓ ஆபீஸில் லைசென்ஸுக்குப் போடும் அதே எட்டுதான். 1952-ல் முரிவாய் என்ற இடத்தில் நடந்த மலையேற்றக் கார் போட்டியில் அந்த ஆஸ்டினோடு கலந்துகொண்டு, தன் பிரிவில் ஜெயித்தான். அந்தக் குட்டிக் கார் இன்றைக்கும் இங்கிலாந்தில் மெக்லாரன் தலைமையகத்தில் பளபளவென நிற்கிறது. பக்கத்தில் நிற்பவை எல்லாம் கோடிக்கணக்கில் விலைபோகும் கார்கள்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்ல ஒரு காரணம் உண்டு. அந்த ஆஸ்டின் முழுக்க முழுக்க அமெச்சூர் கார். ஸ்பான்சர் கிடையாது, இன்ஜினீயர் கிடையாது. உடைத்தால் நீயே ஒட்டணும், வேகம் வேணும்னா நீயே யோசிக்கணும். பிற்பாடு பெரிய பெரிய டீம்களோடு மோதும்போதும் புரூஸ் அந்த ஒர்க்‌ஷாப் பையனாகவேதான் வேலை பார்த்தார். ஒன்றை மாற்று, ஓட்டு, என்ன ஆச்சுன்னு பார், மறுபடி மாற்று.

அப்புறம் நடந்தது எல்லாமே டாப் கியர். ஆக்லாந்தில் இன்ஜினீயரிங் படித்துக்கொண்டே ரேஸ் ஓட்டினார். நம்பிக்கைக்குரிய இளைஞர் ஒருவரை ஐரோப்பாவுக்கு அனுப்பிவைக்கும் திட்டம் ஒன்றை நியூசிலாந்து ரேஸ் அமைப்பு அப்போதுதான் தொடங்கியிருந்தது. 1958-ல் அதில் தேர்வான முதல் ஆள் இவர். ஆஸ்திரேலியாவின் ஜாக் பிராபம் அண்ணன் மாதிரி கைபிடித்து அழைத்துப்போக, இங்கிலாந்தின் கூப்பர் டீமில் இடம் கிடைத்தது. அடுத்த வருஷமே, 1959 டிசம்பரில், அமெரிக்காவின் செப்ரிங் டிராக்கில் சீசனின் கடைசி ரேஸ். முன்னால் போய்க்கொண்டிருந்த பிராபமின் காரில் கடைசிச் சுற்றில் பெட்ரோல் தீர்ந்தது. பின்னால் வந்த புரூஸ், தன் குருவுக்கு என்ன ஆச்சோ என்று வேகத்தைக் குறைக்க, பிராபம் கையசைத்துப் போகச் சொன்னார். புரூஸ் ஜெயித்தார். பிராபம் இறங்கி, காரைத் தள்ளிக்கொண்டே வந்து நான்காவதாகக் கோட்டைத் தாண்டி, உலக சாம்பியன் ஆனார். புரூஸுக்கு அப்போது வயசு 22. ஃபார்முலா 1 ரேஸில் ஜெயித்த மிக இளைய டிரைவர் என்ற பெயர் அவரிடம் 2003 வரை இருந்தது. அதை உடைத்தவர் ஃபெர்னாண்டோ அலோன்சோ.

1963-ல் சொந்தமாக டீம் ஆரம்பித்தார். பெரிதாகக் கற்பனை பண்ணிக்கொள்ள வேண்டாம். லண்டன் பக்கம் நியூ மால்டனில் ஒரு மண்தரைக் கொட்டகை. மண் அள்ளிச் சமன்படுத்தும் வண்டி ஒன்றும் அதே கொட்டகையில் நின்றுகொண்டிருந்தது. டீமின் சின்னத்தில் கிவி பறவையைப் போட்டார்கள். கிவியால் பறக்க முடியாது, தெரியும்தானே? ரேஸ் காருக்கு அதைவிடப் பொருத்தமான சின்னம் இருக்கவே முடியாது என்பது என் கட்சி. ரேஸ் காரும் பறக்கக் கூடாது. தரையை விடவே கூடாது.

இங்கே கொஞ்சம் பிசிக்ஸ். பயப்படாதீங்க, ஒரு பத்திதான். பைக்கில் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது உள்ளங்கையை விரித்து நீட்டி, லேசாக மேல்நோக்கிச் சாய்த்தால் கை தானாக மேலே எழும். கீழ்நோக்கிச் சாய்த்தால் அமுங்கும். காரின் உடலும் அப்படித்தான். வளைந்த மேல்பரப்பில் காற்று வேகமாக ஓடும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. கார் லேசாக மேலே தூக்கப்படுகிறது. டயர் ரோட்டைப் பிடிக்கும் பிடி தளர்கிறது. இன்னொரு விஷயம் ரொம்ப முக்கியம். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்காகும். 60-ல் ஒன்றுமே தெரியாத கோளாறு 240-ல் பதினாறு மடங்காக வந்து நிற்கும். மெதுவாகப் போகும்போது காற்று நமக்கு நண்பன் மாதிரியே நடிக்கும்.

1960-களின் நடுவில் இதையெல்லாம் முழுசாகப் புரிந்துகொண்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். கார் வழுவழுன்னு இருந்தா வேகமாப் போகும். பொதுவான ஞானம் அவ்வளவுதான். அப்போதுதான் அந்த மூடி விவகாரம்.

புதிதாகச் செய்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை புரூஸ் சோதித்துக்கொண்டிருந்தார். காரின் முன்பக்கத்தில் பெட்ரோல் ஊற்றும் இடத்துக்கு ஒரு சின்ன மூடி. வேகம் கூடக் கூட அந்த மூடி படபடவென்று திறந்துகொண்டே இருந்தது. எரிச்சலோடு காரை நிறுத்த வந்தவருக்குச் சட்டென்று ஒரு சந்தேகம். எதிர்காற்று அவ்வளவு வேகத்தில் அடிக்கும்போது மூடி அமுங்கித்தானே கிடக்கணும், ஏன் எழும்புது? அப்படியென்றால் அதன் மேலே அழுத்தம் குறைவு. அங்கே ஒரு ஓட்டை போட்டால் உள்ளே இருக்கும் காற்று வெளியே உறிஞ்சப்படும். ரேடியேட்டரைக் கடந்து வரும் சூடான காற்று வெளியேற வழியில்லாமல் தவித்துக்கொண்டிருந்ததும் நினைவுக்கு வந்தது. தகடு வெட்டும் கத்தரியை எடுத்து, ரேடியேட்டருக்குப் பின்னால் புத்தம்புது பாடியில் ஓட்டை போட்டார். இன்ஜின் சூடு இறங்கியது. அதன் பிறகு வந்த மெக்லாரன் ஸ்போர்ட்ஸ் கார்களின் மூக்கில் இரண்டு நாசித் துவாரங்கள் மாதிரி இருப்பது இதுதான்.

வேறு ஒருவராக இருந்தால் மூடிக்கு ஒரு நல்ல தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போயிருப்பார். நான் போட்டிருப்பேன்.

இன்னொரு சம்பவம், இது கொஞ்சம் வயித்தெரிச்சல் கதை. 1965 நவம்பரில் நெதர்லாந்தின் சாண்ட்வோர்ட் டிராக்கில் மெக்லாரனின் சோதனைக் கார் ஒன்று ஓடியது. வடிவமைத்தவர் ராபின் ஹெர்ட். கான்கார்ட் விமானத்துக்கான ஆராய்ச்சி வேலையில் இருந்து வந்தவர். அதனால் காரின் உடலே விமானத் தொழில்நுட்பம்தான். இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பால்சா மரத்தை வைத்து ஒட்டிய மேலைட் என்ற பொருள். அந்த காரின் பின்பக்கம் விமான இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்தது போல ஒரு இறக்கையைப் பொருத்திப் பார்த்தார்கள். விமானத்தை மேலே தூக்குவது எதுவோ அதுவே கவிழ்த்துவைத்தால் காரைக் கீழே அமுக்கும். ஒரு சுற்றுக்கு சுமார் 3 விநாடி மிச்சம்! ஃபார்முலா 1-ல் பத்தில் ஒரு பங்கு விநாடிக்கு ராத்திரி பகலாகத் தவம் கிடப்பார்கள், தெரியும்ல? ஆனால் அந்த இறக்கையைக் கழற்றி வைத்துவிட்டார்கள். ரேஸுக்குக் கொண்டுபோகவில்லை. 1968-ல் பெல்ஜியம் ரேஸில் ஃபெராரியும் பிராபமும் இறக்கையோடு வந்து இறங்கியபோது, உலகம் அதை அவர்கள் கணக்கில் எழுதிக்கொண்டது.

வேடிக்கை என்னவென்றால் அதே பெல்ஜியம் ரேஸில்தான் புரூஸ் தன் பெயர் தாங்கிய காரில் முதல் ஃபார்முலா 1 வெற்றியைப் பெற்றார். முன்னால் இருந்த ஜாக்கி ஸ்டூவர்ட் பெட்ரோலுக்காக பிட்டுக்குள் போனது புரூஸுக்குத் தெரியவில்லை. இரண்டாவது இடம் என்று நினைத்துக்கொண்டே வந்து நின்றவரிடம், ஜெயித்தது நீதான் என்று வேறு டீம் ஆள் ஒருவர் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

‘ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி’ படம் பார்த்தவர்கள் இப்போது கையைத் தூக்குங்கள். கென் மைல்ஸ் ஜெயிக்க வேண்டிய 1966 லெ மான் ரேஸை, கடைசியில் இன்னொரு ஃபோர்டு ஜெயித்துவிட்டது என்று வருத்தப்பட்டீர்களே. அந்த இன்னொரு ஃபோர்டை ஓட்டியவர்கள் புரூஸ் மெக்லாரனும், அதே நியூசிலாந்தின் கிறிஸ் ஏமனும். ஃபோர்டின் கார்களை மேம்படுத்தும் சோதனைகளில் புரூஸ் ஆரம்பத்திலிருந்தே இருந்தவர். அந்த ரேஸ் முடிந்து இரண்டே மாதத்தில், ஆகஸ்ட் 1966-ல், ஃபோர்டின் புதிய காரைச் சோதிக்கும்போது கென் மைல்ஸ் இறந்துபோனார். ரேஸில் அல்ல, சோதனையில். பார்வையாளர்களே இல்லாத ஒரு டிராக்கில். அதற்கு முன்பே, 1964-ல், புரூஸின் டீம் டிரைவரான டிம்மி மேயர் ஆஸ்திரேலியாவில் ரேஸுக்கு முந்தைய பயிற்சியில் இறந்திருந்தார். டிம்மியின் அண்ணன் டெடி மேயர் ஊரைப் பார்க்கப் போய்விடவில்லை. புரூஸோடு சேர்ந்து டீமை நடத்தினார்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், சோதனை ஓட்டம் என்ன விலை கேட்கும் என்பது புரூஸுக்குத் தெரியாமல் இல்லை.

மெக்லாரன் என்ற பெயரை நிஜமாகவே உச்சத்துக்குக் கொண்டுபோனது ஃபார்முலா 1 இல்லை, கேன்-ஆம். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஸ்போர்ட்ஸ் கார் தொடர். விதிகள் என்று சொல்லிக்கொள்ள அதிகமில்லை. எவ்வளவு பெரிய இன்ஜின் வேண்டுமானாலும் வைத்துக்கொள். டெக்சாஸ்காரர் ஜிம் ஹால் தன் சபரால் காரில் ஆளுயர இறக்கையை நிமிர்த்தி வைத்து எல்லாரையும் மிரட்டிய இடம் அது. புரூஸ் என்ன செய்தார் என்றால், சீசன் தொடங்குவதற்கு ரொம்ப முன்னாலேயே காரைக் கட்டி முடித்து, இங்கிலாந்தின் குட்வுட் டிராக்கில் நாள் கணக்கில் ஓட்டோ ஓட்டு என்று ஓட்டினார். மற்ற டீம்கள் முதல் ரேஸில் கண்டுபிடிக்கும் கோளாறுகளை இவர்கள் ஏற்கெனவே கண்டுபிடித்துச் சரிசெய்து வைத்திருந்தார்கள். 1967-ல் அந்தப் பப்பாளி நிறத்தோடு போய் ஆறில் ஐந்து ரேஸ்களை வென்றார்கள். 1969-ல் பின் சக்கரங்களின் சஸ்பென்ஷன் மேலேயே நேரடியாக உயர இறக்கையை நிறுத்திய எம்8பி கார். அந்த வருஷம் 11 ரேஸ். பதினொன்றும் மெக்லாரனுக்கே! புரூஸும், டீமில் இருந்த இன்னொரு நியூசிலாந்துக்காரர் டென்னி ஹல்மும் மாற்றி மாற்றி ஜெயித்தார்கள். ரசிகர்கள் அந்தத் தொடரை புரூஸ்-டென்னி ஷோ என்றே கூப்பிட்டார்கள்.

நீங்கள் டிராக் டே போகிற ஆளாக இருந்தால், அல்லது போகும் ஆசை இருந்தால், இந்த இடத்தில் ஒரு நிமிஷம். இன்றைக்கும் சொந்த காரை டிராக்குக்கு ஏற்ப மாற்றும் அமெச்சூர்கள் காற்றைச் சோதிக்கும் முறை, புரூஸ் காலத்து முறையிலிருந்து பெரிதாக மாறவில்லை. காற்றுச் சுரங்கம் வாடகைக்கு எடுக்க நம்மிடம் காசு இல்லை. கம்பளி நூல் இருக்கிறது. விரல் நீளத்துக்கு வெட்டி, காரின் மேல்பரப்பில் வரிசையாக டேப் போட்டு ஒட்டி, டிராக்கில் நண்பரை ஓட்டச் சொல்லி, பக்கத்தில் வரும் இன்னொரு காரில் உட்கார்ந்து போனில் வீடியோ எடுத்தால் போதும். நூல் சீராகப் பின்னோக்கிப் படுத்திருந்தால் அங்கே காற்று பாடியோடு ஒட்டி ஓடுகிறது. சுழன்று துடித்தால் பிரிந்துவிட்டது. அந்தப் பிரிந்த இடத்தில் கொண்டுபோய் ஆன்லைனில் வாங்கிய ஸ்பாய்லரைப் பொருத்தினால், அது அழகுக்கு நிற்கும், அவ்வளவுதான். அடுத்தது, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ஸ்பாய்லர் இல்லாமல் சில சுற்று, போட்டு சில சுற்று, மறுபடி கழற்றிவிட்டு சில சுற்று. மூன்றாவதை நிறைய பேர் செய்வதில்லை. டயர் சூடேறியதால் கிடைத்த வேகத்தை ஸ்பாய்லர் கொடுத்ததாக நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். இன்னொன்று, பின்னால் மட்டும் பெரிய இறக்கை வைத்தால் முன்சக்கரத்தின் பிடி குறையும். காற்று கொடுப்பதை எப்போதும் இன்னொரு இடத்தில் கழித்துக்கொள்ளும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, பொருத்தியது கழன்று வரக் கூடாது. இதை எழுதும்போது கொஞ்சம் கை தயங்குகிறது.

1969 மே மாதம் ஸ்பெயின் ஃபார்முலா 1 ரேஸில் லோட்டஸ் கார்கள் இரண்டின் உயரமான இறக்கைகள் அடுத்தடுத்து ஒடிந்து, இரண்டும் பயங்கரமாக மோதின. உயர இறக்கைகளுக்கு அங்கே தடை வந்தது. அடுத்த வருஷம் கேன்-ஆம் தொடருக்கும் அந்தத் தடை வந்தது. சரி, இறக்கையைத் தாழ்வாக வைப்போம் என்று மெக்லாரன் டீம் புதுக் கார் செய்தது. எம்8டி. பின்பக்கம் இரண்டு ஓரங்களிலும் சுறாத் துடுப்பு மாதிரி எழுந்து நிற்கும் தகடுகள், நடுவில் இறக்கை. பார்க்க அப்படியே பேட்மேன் கார். பேட்மொபைல் என்றே பெயர் வந்துவிட்டது. முந்தைய காரில் இறக்கை தனியாக சஸ்பென்ஷன் மேல் நின்றது. இதில் அது வால் பகுதியோடு சேர்ந்தது.

1970 மே டீமுக்கு மோசமான மாதம். அமெரிக்காவின் இண்டியனாபொலிஸில் பயிற்சியின்போது டென்னி ஹல்மின் காரில் தீப்பிடித்து, இரண்டு கைகளும் வெந்துபோயின. புரூஸ் அங்கிருந்து திரும்பி வந்ததும் குட்வுட்டுக்குப் போனார். கேன்-ஆம் தொடங்க இரண்டு வாரம்கூட இல்லை.

ஜூன் 2, செவ்வாய்க்கிழமை. வழக்கமான சோதனை நாள். ஓட்டுவது, வந்து நிறுத்துவது, எதையாவது திருகுவது, மறுபடி போவது. லாவன்ட் என்ற நீண்ட நேர்ப்பாதையில் மணிக்குச் சுமார் 270 கி.மீ வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது, காரின் பின்பக்க பாடி பிய்த்துக்கொண்டு போனது. அதோடு பின்சக்கரங்களை அமுக்கிக்கொண்டிருந்த விசையும் ஒரே நொடியில் போனது. கார் சுழன்று, டிராக் ஓரத்தில் ரேஸ் ஊழியர்கள் நிற்பதற்காகக் கட்டியிருந்த மேடைமீது மோதியது. புரூஸ் அங்கேயே இறந்தார்.

மனைவி பாட்டி. நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. அவர் தினமும் ஓட்டிக்கொண்டிருந்தது தன் கேன்-ஆம் கார் ஒன்றுக்கு மேற்கூரை போட்டு, ரோட்டுக்கு ஏற்ப மாற்றிய ஒரு சிவப்பு மெக்லாரன். ரோட்டில் ஓடும் மெக்லாரன்களைச் செய்து விற்கணும் என்பது அவர் ஆசை. சாலையில் ஓடும் மெக்லாரன் கார்களை இன்றைக்கு யூடியூபில் பார்த்து வாய்பிளக்கிறோமே, அது அங்கிருந்துதான் தொடங்கியது.

மறுநாள் யாரும் வேலைக்கு வர வேண்டாம், வீட்டிலேயே இருங்கள் என்று டெடி மேயர் சொல்லி அனுப்பினார். புதன்கிழமை காலை எல்லாரும் வந்துவிட்டார்கள். வந்து, கார் வேலையைத் தொடர்ந்தார்கள்.

ஜூன் 14 அன்று கனடாவின் மோஸ்போர்ட் டிராக்கில் கேன்-ஆம் தொடரின் முதல் ரேஸ். புரூஸின் இடத்தில் அமெரிக்கர் டேன் கர்னி உட்கார்ந்தார். டென்னி ஹல்ம் ஆறாத கைகளில் கட்டோடு ஸ்டியரிங்கைப் பிடித்தார். அதே பேட்மொபைல், அதே பப்பாளி நிறம். கர்னி முதலாவதாக வந்தார், டென்னி மூன்றாவது. அந்த வருஷம் நடந்த 10 ரேஸ்களில் ஒன்பதை மெக்லாரன் டீம் வென்றது. டென்னி சாம்பியன்.